ஆப்சென்ட் போட்ட நாளில் பார்த்த நீர்நாய்கள்

உங்களுக்கெல்லாம் புது சேஃப்டி ஷூ கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். முன்னால் இரும்பு வைத்த ஷூ, கல் விழுந்தாலும் விரல் நசுங்காது. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பர்கூர் பக்கம் கல்குவாரி வேலைக்குப் போனால் உதவும். படகில் ஏறும்போது மட்டும் கழற்றிக் கரையில் போட்டுவிடுங்கள். யாராவது கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். ஓய்வு பெற்றுவிட்ட என்னிடம் பிடுங்குவதற்கு இனி ஒன்றும் இல்லை.

நம் சர்வே வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நல்லதாக நாலு வரி எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டார்கள். நல்லதாக எழுத எனக்கு வராது. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று ஒரு வருஷம் தள்ளிப் போட்டுப் பார்த்தேன். ஆறிய பிறகு எழுதினால் எல்லாரையும் நல்லவர்களாக்கிவிடுவேன் என்று பயம் வந்துவிட்டது. அதனால் சூட்டோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வேலை என்ன என்று ஊரில் யாராவது கேட்டால், "தண்ணியில போயி மிருகத்த எண்ணுவோம்" என்பேன். சிரிப்பார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் நான் எண்ணியது கடலில். தெற்கே ஒரு வளைகுடாவில் படகில் போய் ஓங்கில் என்கிற டால்பின்களையும் ஆமைகளையும் எண்ணினோம். அங்கே முதலில் மண்டையில் ஏற்றியது ஒன்றே ஒன்றுதான். காற்று எழும்பி அலையின் தலை வெளுத்துவிட்டால் எண்ணுவதை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஓங்கில் பக்கத்திலேயே முதுகைக் காட்டிவிட்டுப் போனாலும் நம் கண்ணில் படாது. அப்போது 'பார்க்க முடியவில்லை' என்று எழுதலாம். 'இல்லை' என்று எழுதக் கூடாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் நமக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

கல்யாணமாகி ஓசூருக்கு வந்த பிறகு கடல் போய், அணையும் ஏரியும் ஆற்று மடுவும் என்றாகிவிட்டது. மிருகம் மாறியது, படகு மாறியது, விதி மாறவில்லை. அல்லது மாறவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக நான் தலைமை தாங்கிய வேலையைச் சொல்கிறேன். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். புது யூனிட் கட்டப் போகிறார்கள், தண்ணீர் வேண்டும். அணையின் ஒரு கரையில் தண்ணீர் நிலத்துக்குள் நுழைந்து ஒரு சின்னக் குடா மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் பாறை, நாணல், ஆழமும் அதிகமில்லை. அங்கேதான் பம்ப் ஹவுஸ் கட்ட இடம் குறித்திருந்தார்கள். குடாவில் நீர்நாய் இருக்கிறதா, குட்டி போடுகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது நாங்கள். இருந்தால் பம்ப் ஹவுஸைத் தள்ளிக் கட்ட வேண்டும். தள்ளினால் குழாய் நீளும், செலவு ஏறும். இல்லையென்றால் அங்கேயே கான்கிரீட். எங்கள் வார்த்தையில் நிற்பது அவ்வளவுதான், நீர்நாய்க்கு வீடு இருக்குமா இருக்காதா என்பது.

நானும் கோபியும் போனோம். கோபி என்னோடு பல வருஷம் வேலை செய்தவன், கேமராவைக் குழந்தை மாதிரி வைத்திருப்பான். பரிசல் ஓட்ட கெம்பம்மா. அணையில் மீன் பிடிக்கிற பாஸ் வைத்திருந்தவள், வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும்.

முதல் நாளே கம்பெனியில் ஒரு விதி சொன்னார்கள். நாங்கள் மூன்று பேரும் காண்ட்ராக்ட் ஆட்கள். காண்ட்ராக்ட் ஆள் யாராக இருந்தாலும் காலையில் ஃபேக்டரி கேட்டுக்கு வந்து விரல் வைத்து பஞ்ச் போட வேண்டும். அப்புறம் ஜெனரல் ஷிஃப்டோடு வரிசையில் நின்று கையை நீட்டிப் பாதுகாப்பு உறுதிமொழி எடுக்க வேண்டும். ஹெல்மெட், ஷூ போட வேண்டும். அதற்குப் பிறகுதான் வேன் கிளம்பும்.

அணை எங்கே, ஃபேக்டரி எங்கே! நாங்கள் தினமும் விடியற்காலையில் தண்ணீரைத் தாண்டி, அதைப் பார்த்துக்கொண்டே, எதிர்த் திசையில் ஃபேக்டரிக்குப் போனோம். தண்ணீருக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிற கெம்பம்மாவும் பஸ் பிடித்து வந்தாள். வலை இழுத்து, துடுப்புப் போட்டு அவள் விரலில் ரேகையே தேய்ந்து போயிருந்தது. மெஷின் அவளை ஏற்றுக்கொள்ளாது. கேட்டில் செக்யூரிட்டியாக இருந்த மாதேஷ் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்க்கச் சொல்வான். அவன் நாட்றாம்பாளையத்துக்காரன். யானை இறங்கி ராகிக் கொல்லையை அழித்த பிறகு இங்கே சீருடை மாட்டிக்கொண்டவன்.

"இன்னாம்மா கெம்பம்மா, கை இருக்குது, ரேகை இல்லியே?" என்பான்.

"மீனு தின்னுடுச்சி. கதவத் தொற," என்பாள்.

இதெல்லாம் முடிந்து நாங்கள் பரிசலில் ஏறும்போது மணி பத்து. வெயில் சுள்ளென்று அடிக்கும். நீர்நாய் விடியற்காலையில் மீன் பிடித்துத் தின்றுவிட்டு, வெயில் ஏறியதும் வளைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். சாயங்காலம் அது மறுபடி வெளியே வருகிற நேரத்துக்கு எங்களை வேனில் ஏற்றி, பஞ்ச் அவுட் போடக் கூட்டிப் போய்விடுவார்கள். ஜெனரல் ஷிஃப்டில் வேலை பார்க்கிற நீர்நாயை ஆண்டவன் இன்னும் படைக்கவில்லை. கேலி செய்யவில்லை, கோபமாகத்தான் சொல்கிறேன். காற்று எழும்பிய கடலில் எண்ணாதே என்று படித்துவிட்டு வந்த நான், மிருகம் தூங்குகிற நேரமாகப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்த விதியின் காவல் தெய்வம் சேஃப்டி சார். எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். ஒரு நாள் எங்களைச் சோதிக்கப் பரிசல் துறைக்கே வந்துவிட்டார். ஷூவைக் கழற்றாமல் பரிசலுக்குள் காலை வைத்தார். பரிசலில் செருப்போடு யாரும் ஏற மாட்டார்கள். அடியில் மூங்கில் பின்னலும் தார் பூசின சாக்கும்தான் இருக்கிறது. அதோடு அது சோறு போடுகிற பொருள்.

"ஏய், காலை எடு!" என்று கெம்பம்மா துடுப்பை நீட்டிவிட்டாள்.

"ஷூ இல்லாம ஏறப்படாதுன்னு ரூல் இருக்கும்மா."

"அந்தக் கட்டையோட தண்ணியில வுழுந்தா மேல வருவியா நீ? ரூலு வந்து தூக்குமா?"

அவர் மீனவர் வீட்டுப் பிள்ளை. வெறுங்காலோடு வள்ளத்தில் தாவி வளர்ந்தவர். அவள் சொல்வது நியாயம் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? முகம் சிவந்து இறங்கிவிட்டார். அன்றிலிருந்து நாங்கள் ஷூவைக் கரை வரை போட்டுக்கொண்டு போய், அங்கே கழற்றிவிடுவது என்று சொல்லாமலே ஓர் ஏற்பாடு ஆயிற்று. மனிதர் கல் இல்லை என்று அப்போது தெரிந்தது.

அந்தத் தைரியத்தில்தான் ஒரு நாள் அவர் அறைக்குப் போய்க் கேட்டேன். "சார், விடியும் முன்னாடி ஒரு நடை தண்ணியில இறங்க விடுங்க. பஞ்ச் அப்புறம் வந்து போடுறோம்."

"முடியாது மேடம்."

"குடாப் பாறையில எச்சம் கெடக்குது சார். புதுசு. மீன் செதில் அப்படியே இருக்குது. வீச்சம் மூக்கைத் துளைக்குது. மிருகம் இருக்குதுன்னு அர்த்தம்."

"எச்சத்த எங்க மேனேஜ்மென்ட் ஒத்துக்கிட மாட்டாவ. நேர்ல பாத்து போட்டோ எடுக்கணும்னுதான ஒப்பந்தத்துல இருக்கு?"

"நேர்ல பாக்கத்தான் விட மாட்டேங்கறீங்களே!"

குரல் ஏறிவிட்டது எனக்கு. அவர் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். முன்பு வேலை பார்த்த கம்பெனியில் ஒரு காண்ட்ராக்ட் பையன் தொட்டிக்குள் விழுந்து செத்துப் போனானாம், அவர் ஊர்க்காரன். வேலை அவசரம் என்று சூப்பர்வைசர் நேராகத் தொட்டிக்கு அனுப்பிவிட்டார், பஞ்ச் போடவில்லை.

"பெறவு என்ன எழுதுனாவன்னு தெரியுமா மேடம்? அன்னைக்கு அவன் ஆப்சென்ட். வேலைக்கே வரலன்னுட்டாவ. அவன் ஆத்தாக்காரி கேட்டுல வந்து நின்னு, அப்ப எம்புள்ள எங்க செத்தாம்னு கேட்டா. அதான் சொல்லுதேன், பஞ்ச் இல்லாம ஒருத்தரையும் தண்ணியில எறக்க மாட்டேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரு விதி பிறந்த கதையைக் கேட்காமல் அதை மீறாதீர்கள். கேட்ட பிறகும் மீற வேண்டியிருந்தால், அதன் விலை யார் தலையில் விழும் என்று முதலில் பாருங்கள். நான் பார்த்ததாகத்தான் நினைத்தேன்.

வெளியே வந்து கெம்பம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு நீர்நாய் மேல் பாசமெல்லாம் கிடையாது. வலையைக் கிழித்து நல்ல மீனாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போகிற திருட்டு ஜன்மம் அது, அவளைப் பொறுத்தவரை.

"ஒழியட்டும் சனியனுங்க. நான் எதுக்குக் காட்டணும்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு வலை எடுக்கப் போவேன். ஏர்றவங்க ஏறிக்கங்க. நான் யாரையும் கூப்புடல," என்றாள். நாங்கள் தினமும் வெறுங்கையோடு திரும்புவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கே அலுத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மறுநாள் நாங்கள் ஃபேக்டரிக்குப் போகவில்லை. குளிரில் தண்ணீர் மேல் பனி ஆவியாக எழுந்துகொண்டிருந்தது. வெறுங்கால் மூன்று ஜோடி. குடா வாயில் கெம்பம்மா துடுப்பை நிறுத்தினாள். முதலில் விசில் மாதிரி ஒரு சத்தம். அப்புறம் நாணலை விலக்கிக்கொண்டு ஒரு தலை, பின்னால் இன்னொன்று. பெரியது ஒன்று பாறையில் ஏறி உடம்பை உதறியது. தாய் ஒன்று குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு வந்து தண்ணீரில் போட்டது. குட்டி கத்திக்கொண்டே கரைக்கு ஏறியது. தாய் மறுபடி கவ்வி மறுபடி போட்டது. நீச்சல் கற்றுக்கொள்ள மாட்டேன் என்று அடம் பிடிக்கிற பிள்ளை. கோபி படம் எடுத்துக்கொண்டே இருந்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷம்.

"பாரேன், என் கெண்டய வெச்சி வளந்த கொழுப்ப," என்றாள் கெம்பம்மா. ஆனால் துடுப்பைத் தண்ணீரில் வைக்கவே இல்லை.

பாறை இடுக்கில் வளையின் வாய் தெரிந்தது. பம்ப் ஹவுஸுக்கு சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்களே, அதற்கு நேர் கீழே.

போட்டோக்களோடு கம்பெனியில் போய் உட்கார்ந்தோம். எங்கள் சர்வே ஆபீஸ் முதலாளி ஓசூரிலிருந்து வந்திருந்தார். கம்பெனியின் ப்ராஜெக்ட் மேனேஜர் இருந்தார், சேஃப்டி சார் இருந்தார். மேனேஜர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "க்யூட்டா இருக்கு" என்றார். அப்புறம் வருகைப் பதிவைப் பார்த்தார்.

"இந்தத் தேதியில உங்க டீம் மொத்தமும் ஆப்சென்ட். வேலைக்கே வராத ஆளுங்க எடுத்த படத்த நான் எப்படி ரிப்போர்ட்ல ஏத்துக்கிறது?"

"படம் இருக்குதுங்களே சார். மிருகம் இருக்குதே."

"இருக்கட்டும் மேடம். அப்ப அந்த நேரத்துல யார் உங்கள உள்ள கூட்டிட்டுப் போனது? அந்தக் குடாவுக்கு எங்க பர்மிஷன் இல்லாம மீன் பாஸ் வெச்சிருக்கிறவங்க போகக் கூடாது. போனா பாஸ் கேன்சல். யாருன்னு எனக்குத் தெரியாம இல்ல, நீங்க எழுத்துல பேரச் சொல்லுங்க, படத்த ஏத்துக்கலாம். ரெண்டும் ஒண்ணாத்தான் வரும்."

இப்படித்தான் கேட்பார்கள். குரலே உயராது, ஏசி ஓடிக்கொண்டிருக்கும், டீ வரும். நம் முன்னால் இரண்டு உயிரைத் தராசில் வைத்துவிட்டு, எதை எடுக்கிறாய் என்று நம்மையே கேட்பார்கள்.

நான் சேஃப்டி சாரைப் பார்த்தேன். "சார், உங்க ஊர்ப் பையனுக்கு என்ன எழுதுனாங்களோ அதையேதான் இப்ப இதுக்கும் எழுதுறாங்க. நீங்களும் கூட உக்காந்திருக்கீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் ஓசூரில் வீட்டுக்கடன், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள். எல்லாம் தெரியும். இருந்தும் அந்தக் குனிந்த தலையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வெளியே கேட்டில் கெம்பம்மா அன்றைய பஞ்சுக்காக விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"என் பேரு வேணாம் மேடம்," என்றாள் உடனே. "அந்தப் பாஸ்லதான் ஊட்டுல அடுப்பு எரியுது. நீர்நாயிக்காக நான் பட்டினி கெடக்க ஆவாது. தப்பா நெனச்சிக்காதீங்க."

நான் தப்பாக நினைக்கவில்லை. நீங்களும் நினைக்காதீர்கள். இந்தக் கதையை வெளியே சொன்னபோது படித்தவர்கள் பல பேர், "அந்தப் பொம்பளை கொஞ்சம் தைரியமா நின்னிருக்கலாம்" என்றார்கள். மாதச் சம்பளத்தில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவள் அடுப்பை அணைக்கச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தைரியம் காட்ட வேண்டிய நாற்காலிகள் அந்த அறைக்குள் இருந்தன. ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. அவளிடம் போய் ஏன் கேட்கிறீர்கள்?

உள்ளே போய்ப் படங்களை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். "பேர் சொல்ல மாட்டேன். படம் வேணாம். ஆனா ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதுவேன். விடியற்காலையில பாக்க எங்கள அனுமதிக்கல, அதனால நீர்நாய் இல்லன்னு சொல்ல முடியாது. அந்த வரி இருந்தா கையெழுத்து, இல்லாட்டி இல்ல."

முதலாளி என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். "மேடம், ஒரு லைன்தானே? அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க. அடுத்த வேலையும் இவங்ககிட்டதான் வரணும்."

"ஒரு லைன்தானே? நீங்களே விட்டுக்குடுங்க."

விட்டுக்கொடுக்கவில்லை. நான் எழுதிய வரியை வெட்டிவிட்டு, என்னோடு ஒரு நாள்கூடப் பரிசலில் ஏறாத ஒருவர் கையெழுத்துப் போட்டார். 'குடாவில் நீர்நாய் இல்லை.' நான் அந்த மாதமே ஓய்வு வாங்கிக்கொண்டேன். கோபியும் விட்டுவிட்டான். பெங்களூரில் கல்யாணப் படம் எடுக்கிறான், நன்றாக இருக்கிறான்.

உங்களுக்கு என்ன சொல்ல வருகிறேன்? வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே, தண்ணீரில் இறங்கும் நேரத்தை நாங்கள்தான் முடிவு செய்வோம் என்று எழுதி வாங்குங்கள். எங்கள் முதலாளி வாங்கவில்லை. பணத்தைப் பேசினார், பரிசலைப் பேசினார், மதியச் சாப்பாட்டைக்கூடப் பேசினார், நேரத்தைப் பேசவில்லை. நேரத்தை எதிராளியிடம் கொடுத்துவிட்டால் பதிலையும் அவனே எழுதிக்கொள்வான். உங்கள் கண் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அதற்குப் பிறகு பிரயோஜனம் இல்லை. கோபப்படாதீர்கள், பக்குவமாக நடந்துகொள்ளுங்கள் என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். தாராளமாகக் கோபப்படுங்கள். ஆனால் துடுப்புப் போடுகிறவர்கள் மேல் படாதீர்கள்.

பம்ப் ஹவுஸ் கட்டி முடித்துவிட்டார்கள். இப்போது அங்கே இரவு டியூட்டி பார்ப்பது மாதேஷ். போன வாரம் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். இருட்டு பிரிகிற நேரம், கான்கிரீட் சுவர், கீழே தண்ணீர். தண்ணீரிலிருந்து ஒரு நீர்நாய் ஏறி வருகிறது. வளை இருந்த இடத்துக்கு நேராக வந்து, சுவரை மோந்து பார்க்கிறது. முன்னங்காலைத் தூக்கிச் சுவரில் வைக்கிறது. கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறது. திரும்பிப் போய்விடுகிறது.

கூடவே அவன் குரலும் வந்திருந்தது. "மேடம், தெனமும் விடியறப்ப வருதுங்க. வந்து செவுத்துல கைய வெக்குது, போயிடுது. நம்ம ஆளுங்க பஞ்ச் போடற மாதிரியே இருக்குது. மொதல்ல சிரிச்சேன். இப்பல்லாம் சிரிப்பு வரல. குட்டிய மட்டும் காணோம்."

காணோம் என்றான். இல்லை என்று சொல்லவில்லை. காட்டோரத்தில் வளர்ந்தவனுக்கு அந்த நிதானம் இருக்கிறது, கையெழுத்துப் போட்டவருக்கு இல்லை.

உங்களில் யாராவது ஒருத்தர் ஒரு நாள் அங்கே போங்கள். பஞ்ச் போட்டுவிட்டுப் போகாதீர்கள், நேரமாகிவிடும். ஷூவைக் கரையில் கழற்றிப் போட்டுவிட்டு, சத்தம் போடாமல் உட்கார்ந்து குட்டியைத் தேடுங்கள். அன்றைக்கு உங்களுக்கு ஆப்சென்ட் போடுவார்கள். போடட்டும். நீர்நாய் வந்திருக்கும்.